கீழ்க்காய்நெல்லிச் சத்து தண்ணீரில் கரையாது: ஈரலுக்கு எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

கல்லடிக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ஊர் கல்லடி. மருந்தாக்கல் படிக்கிறேன், கடைசி வருடம். ஆறு மாதமாக ஒரே இடத்தில் நின்று சுற்றிக்கொண்டிருக்கிறேன். இங்கே பார்மசியில் வேலை செய்கிறவர்கள், பரியாரி பரம்பரை ஆட்கள், ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லாரும் இருக்கிறீர்கள், அதுதான் கேட்டுப் பார்ப்போம் என்று எழுதுகிறேன்.

என் ஆய்வு கீழ்க்காய்நெல்லி பற்றியது. ஈரலைக் காக்கும் என்று அதில் அதிகம் பேசப்படுகிற சேர்வைகளில் ஒன்று பிலாந்தின். அற்ககோலில் ஊறவைத்தால் வந்துவிடுகிறது, கஷ்டம் அதற்குப் பிறகுதான். முகவையில் 37 பாகைச் சூட்டில் தண்ணீர் வைத்துத் தூளைத் தூவினால் அது நனையவே மாட்டேன் என்கிறது. மேலே மிதக்கும், கலக்கக் கலக்கக் கண்ணாடிச் சுவரில் வட்டமாக ஏறி ஒட்டிக்கொள்ளும். இரண்டு மணி நேரம் கழித்து வடித்துப் பார்த்தால் போட்டதில் பெரும்பங்கு வடிதாளிலேயே கிடக்கிறது. முகவையில் கரையாதது குடலில் மட்டும் எப்படிக் கரையும்?

மூன்று வழி பார்த்து வைத்திருக்கிறேன். எண்ணெயும் சவர்க்காரம் மாதிரி வேலை செய்யும் பொருளும் சேர்த்து, வயிற்றுக்குள் போனதும் தானாகவே பால் போலப் பிரியும் கூழாக்கிக் கப்சூலில் அடைப்பது ஒன்று. சோயாவில் இருந்து எடுக்கும் பொஸ்பட்டிடைல்கோலின் என்ற கொழுப்போடு பிணைப்பது இன்னொன்று. பொலிமரோடு சேர்த்துப் பளிங்காக விடாமல் உலர்த்தி எடுப்பது மூன்றாவது. எதில் இறங்கலாம்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். போன மாதம் அப்பாவுக்கு ஸ்கானில் கொழுப்பு ஈரல் என்று வந்தது, ஈரல் பழுதானால் இரத்தத்தில் ஏறும் ஏஎல்டி என்ற நொதியும் கூடியிருக்கிறது. அவர் என்னிடம், "நீ செய்யிற அந்த மருந்தை எனக்குத் தா மகன்" என்று கேட்கிறார். அதனால் இது எனக்கு வெறும் பரீட்சை விஷயம் இல்லை.

---

படுவான்கரைப் பேரன்

தம்பி, நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம். எங்கள் அப்பப்பா பரியாரி. செங்கமாரி, அதாவது மஞ்சட்காமாலைக்கு என்று தாண்டவன்வெளி, களுவாஞ்சிக்குடியில் இருந்தெல்லாம் ஓடம் ஏறி வருவார்கள். அவர் கீழ்க்காய்நெல்லியை அவித்துக் குடிநீராக மட்டும் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. விடியப்புறம் வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, அம்மியில் வைத்து வெண்ணெய் பதம் வரும் வரைக்கும் அரைப்பார். அரைக்கிற ஆள் பாதியில் எழும்பினால் ஏச்சு விழும். பிறகு அதைச் சின்ன நெல்லிக்காய் அளவு உருட்டி ஆட்டுப்பாலில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பார். சிலருக்குப் பாலுக்குப் பதில் மோர்.

நீங்கள் எண்ணெய், கொழுப்பு, சின்னத் துணிக்கை என்று சொல்வதை வாசிக்க எனக்கு அந்த அம்மிச் சத்தம்தான் ஞாபகம் வருகிறது. பாலில் கொழுப்பு இருக்கிறது, அம்மி துணிக்கையைச் சிறிதாக்குகிறது. அந்தக் காலத்து ஆட்கள் இதைத் தெரிந்துதான் செய்தார்களா?

---

கல்முனை ராத்தா

நான் பார்மசியில் 14 வருடமாக நிற்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பேரனுக்கு. தெரிந்து செய்தார்களா என்பதை விட, செய்தது வேலைக்கு ஆகுமா என்று பார்ப்போம், ஆகும். ஒரு பொருள் கரையும் வேகத்தை நொய்ஸ், விட்னி என்ற இரண்டு பேர் 1897ல் கணக்காகவே எழுதி வைத்தார்கள், அது மேற்பரப்பிலும் தங்கியிருக்கிறது என்று பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். ஒரு கல்லுச் சீனியையும் மாச்சீனியையும் தேத்தண்ணியில் போட்டுப் பார்த்தால் நமக்கே தெரியும். அம்மி செய்வது அதைத்தான். பாலில் இருக்கும் கொழுப்புக்கு இன்னொரு வேலை: கொழுப்பு சிறுகுடலுக்குள் வந்தால்தான் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை விடும். பித்தஉப்பு சவர்க்காரம் மாதிரி, தண்ணீரில் கரையாததைச் சுற்றிப் பிடித்து மிகச் சிறிய உருண்டைகளாக்கிக் குடல் சுவர் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகும். கரையாத பல மருந்துகளைச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஆனால் இதில் பலர் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. அவித்த குடிநீரும் அரைத்த விழுதும் ஒரே மருந்து இல்லை. கொதிதண்ணீரில் இறங்குவது பெரும்பாலும் தண்ணீரில் கரையும் தனின் வகைகள், கொரிலஜின், ஜெரனீன் போன்றவை. பிலாந்தின் லிக்னன் வகை, கொழுப்பைத் தேடிப் போகும் சாதி. குடிநீரை வடித்து இலையைக் கொல்லைக்குள் கொட்டினால் பிலாந்தினில் பெரும்பங்கும் கொல்லைக்குள்தான் போகும். ஒரே செடி, இரண்டு வேறு மருந்து. அதனால் "கீழ்க்காய்நெல்லி வேலை செய்யுமா" என்று கேட்டால், எதை, எப்படி எடுத்தது என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

இப்போது தம்பிக்கு. கரையாமை ஒரு பூட்டு மட்டும்தான். கோர்டன் அமிடன் என்பவரும் கூட்டாளிகளும் 1995ல் வாய்வழி மருந்துகளை நாலு வகையாகப் பிரித்தார்கள்: கரையுமா, குடல் சுவரைத் தாண்டுமா என்ற இரண்டு கேள்வியை வைத்து. கரையாது, ஆனால் தாண்டும் என்பது இரண்டாம் வகை. அதற்கு நீங்கள் சொன்ன மூன்று வழியும் உதவும். கரையவும் மாட்டாது, தாண்டவும் மாட்டாது என்பது நாலாம் வகை. அங்கே கரைத்துக் கொடுத்தாலும் பாதிக் கிணறுதான்.

மரமஞ்சளைப் பாருங்கள். சிங்களத்தில் வெனிவெல், கொரோனா நேரத்தில் கொத்தமல்லியோடு சேர்த்து நாடு முழுக்க அவித்துக் குடித்தார்களே, அதுதான். அதிலுள்ள பெர்பெரின் தண்ணீரில் ஓரளவு கரைகிறது. இருந்தும் எலிகளில் வாய்வழி கொடுத்துப் பார்த்தபோது இரத்தத்துக்கு நூற்றுக்கு ஒரு வீதம்கூடப் போய்ச் சேரவில்லை. குடல் சுவரிலே பி கிளைக்கோபுரதம் என்ற காவற்காரன் இருக்கிறான், உள்ளே வந்ததைப் பிடித்து வெளியே தள்ளுவான். மிஞ்சி நுழைந்ததையும் குடலும் ஈரலும் உருமாற்றி விடும். ஆகவே தம்பி, உங்கள் சேர்வைக்கு எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்று முதலில் பாருங்கள், திறப்பை மறுகா தேடலாம்.

---

கல்லடிக்காரன்

ராத்தா, மிக்க நன்றி. குடிநீர், விழுது வித்தியாசத்தை எங்கள் வகுப்பில் ஒருவரும் இப்படிச் சொல்லித் தரவில்லை.

நான் ஏற்கெனவே செய்து பார்த்த இரண்டைச் சொல்கிறேன். பொலிமர் வழியில் பொலிவினைல் பிரோலிடோன் எடுத்தேன். உலர்ந்து வந்தபோது கண்ணாடித் தகடு மாதிரி, நுணுக்கும்போது நொறுங்கும் சத்தம் கேட்க ஆசையாக இருந்தது. கரைதலும் முதல் நாள் பிரமாதம். அது மார்கழி, வாடைமழை விடாமல் பெய்த வாரம். மூடி சரியாக இறுகாத போத்தலில் இருந்த தூள் நாலாம் நாள் பனங்கட்டி மாதிரிப் பிசுபிசுத்துப் போனது. நுணுக்குக்காட்டியில் முனைவாக்கிய ஒளியில் பார்த்தால் இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில் ஊசி ஊசியாக மின்னுகிறது, அதாவது திரும்பவும் பளிங்காகிவிட்டது. அந்தப் பொலிமர் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும், ஈரம் ஏறினால் உள்ளே இருக்கும் மூலக்கூறுகளுக்கு அசைய இடம் கிடைக்கும், அசைந்தால் ஒன்றையொன்று தேடிப்பிடித்துப் பளிங்காகும். குளிர்நாட்டில் எழுதிய செய்முறையை வாவிக்கரைக் காற்றில் அப்படியே செய்யக்கூடாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்புறம் எண்ணெய் வழி. நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, சவர்க்காரம் மாதிரி வேலை செய்யும் ட்வீன் 80, கொஞ்சம் புரொப்பிலீன் கிளைக்கோல். ஒரு சொட்டு விட்டு மெல்லக் கலக்கினேன். முகவை முழுக்க லேசான நீலம் படர்ந்தது, கழுவின பால்போத்தல் தண்ணீர் மாதிரி. வடித்துப் பார்த்தால் வடிதாளில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு எனக்கு நித்திரையே வரவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. ஆறு மணி நேரம் தாங்கியதா, இரண்டு மணி நேரம் தாங்கியதா என்றுகூட எனக்குத் தெரியாது. இரவில் யாரும் பார்க்கவில்லை.

---

கல்முனை ராத்தா

தம்பி, அடுத்த முறை பதினைந்து நிமிடத்துக்கு ஒருக்கால் எடுத்துப் பாருங்கள். குடலில் முதல் மூன்று, நாலு மணி நேரம்தான் உங்களுக்கு வேண்டும். அதுவரை தாங்கினால் மறுநாள் படிந்தது பரவாயில்லை. தாங்கவில்லை என்றால் ஹைட்ரொக்சிப்ரொப்பில் மெதைல் செலுலோஸ் என்ற பொலிமர் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள். ஊஞ்சலை உந்தி மேலே அனுப்புவது கூழ் என்றால், விழாமல் பிடித்து வைப்பது அது. ட்வீனைக் கூட்டிக் கூட்டிப் போட வேண்டாம். அது குடல் சுவரையே அரிக்கும், பிறகு உங்கள் மருந்து உள்ளே போனதா சுவர் பழுதானதா என்று பிரித்துச் சொல்ல ஏலாது.

---

சம்மாந்துறை வாப்பா

பிள்ளைகளா, நான் படித்த ஆள் இல்லை, வயல்காரன். எனக்கும் கொழுப்பு ஈரல் என்று சொன்னார்கள். கொழும்பில் இருக்கும் மருமகன் மஞ்சள் கப்சூல் ஒன்று வாங்கி அனுப்பினார். மிளகுச் சத்தும் சேர்ந்தது, 2000 வீதம் கூட உறிஞ்சும் என்று போத்தலில் போட்டிருக்கிறது. மூன்று மாதமாகக் குடிக்கிறேன். பிரஷருக்கும் கைநடுக்கத்துக்கும் ப்ரொப்ரனலோல் போடுகிறேன். அந்த 2000 உண்மையா? கீழ்க்காய்நெல்லிக்கும் மிளகு சேர்த்தால் சரிதானே, தம்பி ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறார்?

---

கல்முனை ராத்தா

வாப்பா, நல்ல கேள்வி கேட்டீர்கள், ஆனால் நீங்கள் சொன்னதில் ஒன்று எனக்குப் பயமாக இருக்கிறது. அதை முதலில் சொல்கிறேன்.

மிளகில் இருக்கும் பிப்பரின் எதையும் கரைப்பதில்லை. ஈரலும் குடலும் ஒரு மருந்தோடு சர்க்கரை அமிலத்தை ஒட்டி வெளியே அனுப்பும் வேலையைச் செய்கின்றன, பிப்பரின் அந்த வேலையைத் தடுக்கிறது. காவற்காரனையும் மயக்குகிறது. மஞ்சளுக்கு மட்டும் பார்த்துத் தடுக்க அதற்குத் தெரியாது. ப்ரொப்ரனலோலின் இரத்த அளவும் பிப்பரினால் ஏறும், ஆளை வைத்தே செய்து பார்த்திருக்கிறார்கள். நீங்கள் எடுப்பது அதே மருந்து. தலைசுற்று, நாடி மெதுவாதல் ஏதாவது இருக்கிறதா? இல்லாவிட்டாலும் நாளைக்கே கிளினிக்கில் அந்தப் போத்தலைக் காட்டுங்கள். கறிக்குப் போடும் மிளகு வேறு, கப்சூலில் திரட்டி அடைத்தது வேறு.

இனி 2000. அது பொய் இல்லை. 1998ல் பெங்களூரில் செய்த ஆய்வு: மஞ்சளின் சத்தான குர்குமின் 2 கிராமோடு 20 மில்லிகிராம் பிப்பரின் கொடுத்தபோது கிடைத்த அளவு இருபது மடங்கானது. ஆனால் குர்குமினை மட்டும் கொடுத்தபோது இரத்தத்தில் அநேகமாகக் கண்டுபிடிக்கவே முடியாத அளவுதான் இருந்தது. ஒரு துளியின் இருபது மடங்கு இருபது துளி, குடம் இல்லை. இந்த விகிதத்தை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு விற்கிறார்கள், எதிலிருந்து கூடியது என்று போடுவதில்லை.

அடுத்தது இதைவிட முக்கியம், எல்லாரும் வாசியுங்கள். மஞ்சளை இப்படி உறிஞ்சவைத்து விற்கத் தொடங்கிய பிறகு மஞ்சளாலேயே ஈரல் பழுதான ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 2019ல் இத்தாலியில் பலர். அமெரிக்காவில் மருந்தால் வரும் ஈரல் பாதிப்பைப் பதிவு செய்யும் ஆய்வுக் குழு 2022ல் பத்து பேரைப் பற்றி எழுதியது. ஐந்து பேர் வைத்தியசாலையில் நிற்க வேண்டி வந்தது, ஒருவர் இறந்தார். பத்தில் ஏழு பேரிடம் எச்எல்ஏ பி 35:01 என்ற பரம்பரைக் கூறு இருந்தது. சோதித்த மாதிரிகளில் சிலவற்றில் மிளகுச் சத்தும் இருந்தது. எல்லாருக்கும் வராது, ஆனால் யாருக்கு வரும் என்று ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஈரலைக் காக்க என்று வாங்கிக் குடித்த பொருள் அது.

எனக்கு இதுதான் மனதில் நிற்கிறது. நம் சமையலில் மஞ்சள் இவ்வளவு காலம் தீங்கில்லாமல் இருந்ததற்கு அது உடம்புக்குள் சரியாகப் போகாததும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்தப் பூட்டை உடைக்கிறோம் என்றால், "காலம் காலமாகச் சாப்பிட்டதுதானே" என்ற பேச்சு அதற்குப் பிறகு செல்லாது. அது புது மருந்து.

---

சம்மாந்துறை வாப்பா

அல்லாஹ். காலையில் எழும்பும்போது தலை சுற்றத்தான் செய்கிறது, வயசு என்று விட்டுவிட்டேன். நாளைக்குப் போகிறேன் மகள்.

---

வார்டு அக்கா

நான் தாதி. இந்தப் பகுதியில்தான் வேலை. கப்சூல் விஞ்ஞானம் எனக்குத் தெரியாது, வார்டில் பார்ப்பதைச் சொல்கிறேன். வயல் விதைப்புக் காலத்தில் காய்ச்சல், கால் பின்சதை உளைவு, கண் சிவப்பு, பிறகு மஞ்சள் என்று வருகிறவர்களில் பலருக்கு எலிக்காய்ச்சல். கண் மஞ்சளைக் கண்டதும் செங்கமாரி என்று முடிவெடுத்து நாலைந்து நாள் வீட்டிலேயே அரைத்துக் கொடுத்துவிட்டு, சிறுநீர் நின்ற பிறகு கொண்டுவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவர் என் சித்தப்பாவின் வயலில் வேலை செய்தவர். வயலில் இறங்க முன்பு வாரத்துக்கு ஒருக்கால் போடச் சொல்லி டொக்சிசைக்கிளின் 200 மில்லிகிராம் சும்மா தருகிறார்கள், வாங்கிப் போடுங்கள். மஞ்சள் தெரிந்தால் முதலில் இரத்தம் பாருங்கள்.

---

ஒலுவில் கடற்காற்று

நான் ஆராய்ச்சிப் பக்கம் இருக்கிறவன். கல்லடித் தம்பியின் கேள்விக்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இவ்வளவு பாடுபட்டு ஈரலுக்குக் கொண்டுபோகிற பொருள் அங்கே போய் உண்மையில் காக்கிறதா?

"ஈரலைக் காக்கும்" என்று எழுதும் கட்டுரைகளில் பெரும்பாலானவை எலிக்கு முதலில் செடிச்சாற்றைக் கொடுத்து, பிறகு காபன் நாற்குளோரைட்டோ அதிக பரசிட்டமோலோ கொடுத்து, ஏஎல்டி எவ்வளவு ஏறியது என்று பார்த்தவை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்த இரண்டும் தாமாகவே பெரிதாக ஈரலைக் கொல்வதில்லை. ஈரலில் இருக்கும் சைட்டோகுரோம் 2ஈ1 முதலிய நொதிகள் அவற்றை நஞ்சாக மாற்றுகின்றன. உங்கள் செடி அந்த நொதியைத் தடுத்தாலே போதும், நஞ்சு உருவாகாது, ஏஎல்டி ஏறாது, கட்டுரையில் "காத்தது" என்று வரும். கொழுப்பு ஈரல் இருக்கும் அப்பாவுக்கு யாரும் காபன் நாற்குளோரைட்டு கொடுக்கப் போவதில்லையே. அவருக்கு வேண்டிய வேலை வேறு.

மனிதர்களில் செய்ததைப் பார்ப்போம். 1988ல் லான்செட் இதழில் சென்னையைச் சேர்ந்த தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி வைரசைக் கண்டுபிடித்து 1976ல் நோபல் பெற்ற புளும்பேர்க்கும் மற்றவர்களும் எழுதினார்கள்: கீழ்க்காய்நெல்லித் தூளை 200 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, 30 நாள் கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு வைரசின் மேற்பரப்புப் புரதம் இரத்தத்தில் இருந்து மறைந்தது, மருந்தில்லாத வெறும் தூள் கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. செடி வித்தியாசமா, பறித்த காலமா, ஆட்களா என்று இன்றைக்கும் பேசுகிறார்கள்.

இனி சிலிமரின். மில்க் திஸில் என்ற ஐரோப்பிய முட்செடியின் விதையில் இருப்பது. கரையாத செடிச்சத்தை ஈரலுக்கு அனுப்பும் வேலையில் எல்லாருக்கும் மூத்தது அதுதான். அதிலுள்ள சிலிபினை பொஸ்பட்டிடைல்கோலினோடு பிணைத்து இத்தாலியில் இன்டெனா கம்பனி செய்த மருந்து இரத்த அளவைப் பல மடங்கு கூட்டியது. நச்சுக் காளான் தின்றவர்களுக்கு, தண்ணீரில் கரையும்படி மாற்றி நரம்பிலே ஏற்றுகிறார்கள். அதெல்லாம் சரி. ஆனால் 2012ல் ஜாமா இதழில் வந்த ஆய்வில், ஹெபடைடிஸ் சி இருந்த 154 பேருக்கு 420 அல்லது 700 மில்லிகிராம் மூன்று வேளை, 24 கிழமை கொடுத்தார்கள். வழக்கமான அளவின் மூன்று மடங்கும் ஐந்து மடங்கும். ஏஎல்டியில் வெறும் மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2017ல் மலேசியாவில் கொழுப்பு ஈரல் அழற்சிக்கு 700 மில்லிகிராம் மூன்று வேளை, 48 கிழமை கொடுத்த ஆய்வும் தான் முதலில் வைத்த இலக்கை எட்டவில்லை. ஈரல் தழும்பு குறைந்ததற்கான அறிகுறி மட்டும் கொஞ்சம் இருந்தது.

இதனால் செடிகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நானும் அதே வேலையில்தான் இருக்கிறேன். இரத்தத்தில் பத்து மடங்கு என்பது பாதையைச் சொல்கிறதே ஒழிய, போன இடத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்வதில்லை.

இன்னொரு நுணுக்கம். குடலில் உறிஞ்சியதில் பெரும்பங்கு, குடலில் இருந்து ஈரலுக்குப் போகும் இரத்தக்குழாயான வாயில் நாளம் வழியாக முதலில் ஈரலுக்குத்தான் வரும். மற்ற மருந்து செய்கிறவர்களுக்கு அது தொல்லை, முதல் சுற்றிலேயே ஈரல் அழித்துவிடும். நமக்குப் போக வேண்டிய இடமே ஈரல்தான். ஆகவே கை நரம்பில் எடுத்த இரத்தத்தை மட்டும் அளந்து இது சேரவில்லை என்று சொல்லிவிட முடியாது. இதே காரணத்தால் எண்ணெயையும் யோசித்து எடுக்க வேண்டும். நீளச் சங்கிலிக் கொழுப்பான நல்லெண்ணெய் போன்றவை, கொழுப்பை மிகவும் விரும்பும் மருந்தை நிணநீர் வழியாக ஈரலைத் தாண்டிக் கொண்டுபோகலாம். நீங்கள் எடுத்த நடுத்தரச் சங்கிலி வாயில் நாளம் வழியாகப் போகும். ஈரலுக்கு அதுதான் பொருத்தம், தெரிந்தோ தெரியாமலோ சரியானதைப் பிடித்திருக்கிறீர்கள்.

---

படுவான்கரைப் பேரன்

அண்ணன், நீங்கள் எழுதியது விளங்குகிறது, ஆனால் மனம் ஒத்துக்கொள்ளுதில்லை. அப்பப்பாவிடம் வந்து சுகமாகிப் போனவர்களை நான் கண்ணால் கண்டேன். மஞ்சள் கண்ணோடு ஓடத்தில் இருந்து தூக்கி இறக்கினவர்கள், ஒரு மாதம் கழித்து தாங்களே நடந்து வந்து பூசணிக்காயும் நெல்லும் வைத்துவிட்டுப் போனார்கள். அதெல்லாம் என்ன?

---

ஒலுவில் கடற்காற்று

நீங்கள் கண்டது உண்மை தம்பி. அவர்கள் சுகமானார்கள். அந்தக் காலத்துச் செங்கமாரியில் பெரும்பங்கு தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ ஆக இருந்திருக்கும். அது பெரும்பாலானவர்களுக்குச் சில கிழமையில் தானாகவே தீரும். உங்கள் அப்பப்பா கொடுத்த பத்தியமும், கள்ளு சாராயத்தை நிறுத்தச் சொன்னதும், படுக்க வைத்ததும் அந்தக் கிழமைகளை ஆபத்தில்லாமல் கடக்க உதவியிருக்கும். விழுதும் உதவியிருக்கலாம். எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல, விழுது கொடுக்காத ஆட்களும் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அப்படிச் சோதிக்கிற பொறுப்பு அவர் மேல் இல்லை, எங்கள் மேல் இருக்கிறது.

அவர் எந்தச் செடியைப் பிடுங்கினார் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? கீழ்க்காய்நெல்லி என்ற பெயரில் அமாரஸ், டெபிலிஸ், யூரினேரியா என்று மூன்று நாலு இனம் ஒரே வரம்பில் நிற்கும். கடையில் கட்டி விற்கும்போது கலந்துதான் வரும். சத்தும் ஒரே மாதிரி இராது.

---

படுவான்கரைப் பேரன்

ஞாபகம் இருக்கிறது. தண்டு சிவந்ததைப் பிடுங்க விடமாட்டார். "அது தம்பிக்காரன், இது இல்லை" என்பார். வெளிறின பச்சைத் தண்டு, காய்க்குச் சின்னக் காம்பு இருக்கும். கிணற்றடியில் இப்பவும் நிற்கிறது. தம்பி எதைப் பிரித்தெடுத்தீர்கள்?

---

கல்லடிக்காரன்

அண்ணன், உண்மையைச் சொல்கிறேன், நான் கடையில் வாங்கின காய்ந்த கட்டு. பெயர்ச்சீட்டு இருந்தது, நம்பி எடுத்தேன். இப்போது அறையில் மிஞ்சியதை விரித்துப் பார்த்தேன், சிவந்த தண்டும் பச்சைத் தண்டும் கலந்து கிடக்கிறது. யூரினேரியாவில் காய் காம்பில்லாமல் தண்டோடு ஒட்டிச் சொரசொரப்பாக இருக்கும் என்று படித்திருக்கிறேன், அதுவும் இதில் இருக்கிறது. ஆறு மாத வேலை.

நேற்று இரவு அப்பாவோடும் கதைத்தேன். ராத்தா எழுதின மஞ்சள் விஷயத்தை அப்படியே வாசித்துக் காட்டினேன். என் கூழை அவருக்குக் கொடுக்க மாட்டேன் என்றேன். முகம் கொஞ்சம் வாடிப்போனது. பிறகு, "அப்ப என்ன செய்யச் சொல்றாய்?" என்றார். கிளினிக்கில் சொன்னதைத்தான் சொன்னேன், உடம்பு நிறையில் 7 முதல் 10 வீதம் குறைந்தால் ஈரலின் வீக்கமும் அடங்கும் என்று. அவர் 84 கிலோ. இன்று காலை ஐந்தரைக்குக் கல்லடிப் பாலம் வரைக்கும் இரண்டு பேரும் நடந்தோம். திரும்பி வரும்போது தேத்தண்ணிக் கடையைப் பார்த்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரே தாண்டி வந்துவிட்டார்.

பேரன் அண்ணன், சனிக்கிழமை கொக்கட்டிச்சோலைக்கு வரலாமா? வேரோடு நாலைந்து செடி வேண்டும், பூவும் காயும் இருக்கிற மாதிரி. அழுத்தித் தாவரவியல்காரரிடம் இனம் பார்த்த பிறகுதான் முகவையைத் தொடுவேன். அம்மி இன்னும் இருக்கிறதென்றால் அப்பப்பா அரைத்த பதத்திலேயே ஒரு கை அரைத்துத் தாருங்கள், ஆட்டுப்பாலிலும் தண்ணீரிலும் வேறு வேறாகக் கலந்து, பித்தஉப்புச் சேர்த்த கரைசலில் எவ்வளவு பிலாந்தின் இறங்குகிறது என்று பதினைந்து நிமிடத்துக்கு ஒருக்கால் எடுத்துப் பார்க்கிறேன். என் கூழையும் பக்கத்திலேயே வைப்பேன்.

---

படுவான்கரைப் பேரன்

வாங்க தம்பி. அம்மி இருக்கிறது, குழவி ஒரு பக்கம் தேய்ந்தது. வெயில் ஏற முன்பு வந்தால் நல்லது, அவர் விடியப்புறம்தான் பிடுங்குவார். ஆட்டுப்பாலுக்குப் பக்கத்து வீட்டில் சொல்லி வைக்கிறேன்.

---

சம்மாந்துறை வாப்பா

மகள், கிளினிக் போய் வந்தேன். நாடி 52. போத்தலைப் பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னார்கள். ஈரலுக்கு இரத்தம் எடுத்தார்கள், வியாழக்கிழமை ரிப்போட். வந்ததும் இங்கே எழுதுகிறேன்.